கெட்டிஸ்பர்க்: ஒரு போர்க்களமும் அதன் பதிப்பாசிரியர்களும்

ஏட்டுச் சுவடியொன்று அச்சு நூலாகும்போது, ஏட்டில் இருந்தது இருந்தவாறே நம் கைக்கு வந்து சேர்வதில்லை. புள்ளியில்லா எழுத்துக்குப் புள்ளி இடப்படுகிறது, சீர் பிரிக்கப்படுகிறது, பல பாடங்களுள் ஒன்று மேலே ஏறுகிறது, ஏனையவை அடிக்குறிப்பில் இறங்குகின்றன, அல்லது காணாமலே போகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளை நாம் இன்றும் நம்பிக்கையோடு கையில் எடுக்கிறோம் என்றால், தாம் தள்ளிய பாடத்தையும் அவர் நம் கண்ணுக்குக் காட்டிச் சென்றமையே அதற்குக் காரணம்.

போர் நடந்த நிலத்தை வேலியிட்டு, அங்கே கிடந்த துப்பாக்கியையும் குண்டையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, 'இதுதான் நடந்தது' என்று நமக்குக் காட்டும் அரும்பொருளகமும் இத்தகையதொரு பதிப்பே என்பது என் கருத்து. அதுவும் உள்நாட்டுப் போராயின், பதிப்பாசிரியனின் கை இன்னும் நடுங்கும். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிப் பாடிய கோவூர்கிழார், இருவர் சூடியதும் ஆத்திக் கண்ணியே என்பதைச் சுட்டினார். அயல்நாட்டானோடு பொருதவன் போர் முடிந்ததும் வீடு திரும்பிவிடலாம்; உடன்பிறந்தானோடு பொருதவன் அவனோடுதான் மீண்டும் வாழ வேண்டும். ஆகவே உள்நாட்டுப் போருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவோர்க்கு, உண்மையைக் காட்டிலும் உறவு பெரிதாகத் தோன்றிவிடுகிறது. அந்த உறவுக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்பது திறனாய்வாளனின் கடமை. இக்கேள்வியை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தை முன்வைத்து ஆராய்வோம்.

போரின் வரலாறு மாணவர் அறிந்ததே. 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் மூன்று நாட்கள் நடந்த அப்போரில் இறந்தோர், புண்பட்டோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் எனச் சேதம் சுமார் 51,000 பேர். தென்மாநிலங்களின் படைத்தலைவர் ராபர்ட் லீ மூன்றாம் நாள் பிற்பகலில் ஏறத்தாழ 12,000 பேரைத் திறந்த வயல்வெளியில் நடத்தி அனுப்ப, வடமாநிலத்தார் ஒரு தாழ்ந்த கற்சுவரின் பின்னிருந்து அவர்களை முறியடித்தனர். 'பிக்கெட்டின் பாய்ச்சல்' என வழங்கப்படுவது இதுவே. நான்காண்டு நடந்த அந்த உள்நாட்டுப் போரில் மாண்டோர் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டவர்.

களத்தின் முதற்பதிப்பு வியக்கத்தக்க விரைவில் தொடங்கியது. நிலத்தைக் காக்கும் சங்கம் 1864இலேயே, போர் ஓயுமுன், அமைக்கப்பட்டுவிட்டது. பின் வந்தவர் ஜான் பாச்செல்டர் என்னும் ஓவியர். அவர் வீரர்களை நூற்றுக்கணக்கில் கண்டும் எழுதியும் விசாரித்து, எந்தப் படைப்பிரிவு எந்நேரம் எங்கே நின்றது என்று தொகுத்தார். உரையாசிரியர் என்றே அவரைச் சொல்லலாம். பிக்கெட்டின் பாய்ச்சல் நோக்கி வந்ததாகச் சொல்லப்படும் சிறு மரத்தோப்பைத் தென்மாநிலத்தாரின் 'உச்ச வெள்ளக்குறி' எனக் கொண்டு, களம் முழுவதையும் அந்த ஓரிடத்தை மையமாக வைத்துப் பொருள்கொள்ளச் செய்தவர் அவரே. உரை மூலத்தை விழுங்குவதுண்டு. இன்று கெட்டிஸ்பர்க் செல்வோர் பலரும் முதலில் தேடுவது அந்த மரங்களைத்தான்.

சின்னங்களும் குறிப்புக் கற்களுமாக இன்று அங்கே 1,300க்கு மேல் உள்ளன. பெரும்பாலானவை வடமாநில வீரர்கள் தம் படைப்பிரிவுக்குத் தாமே எழுப்பியவை. எந்தப் பிரிவும் தான் வரிசையில் நின்ற இடத்திலேயே கல் நாட்ட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பென்சில்வேனியாவின் 72ஆம் படைப்பிரிவார், 'நாங்கள் சுவர்வரை முன்னேறினோம். எங்கள் கல் சுவரருகேதான் நிற்க வேண்டும்' என்று நீதிமன்றம் ஏறினர். 1891இல் வென்றும் காட்டினர். சில பத்துக் கெஜ நிலத்துக்காகக் கிழவர்கள் வழக்காடியதை எண்ணிச் சிரிக்கத் தோன்றும். ஆனால் எழுத்து ஒன்று மாறினால் பொருள் மாறும் என்று வாதிடும் நம் புலவர்களை எண்ணினால் சிரிப்பு அடங்கும். அவர்களுக்கு அது வாழ்வின் பாடம்.

களத்தின் ஊடே மின்சார இருப்புப்பாதை அமைக்க ஒரு நிறுவனம் முனைந்தபோது, போர்க்களத்தைப் பேணுதல் பொதுநலன் ஆகுமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகும் என 1896இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவில் வரலாற்றிடப் பாதுகாப்புக்கு அடிக்கல் நாட்டிய தீர்ப்புகளுள் இது ஒன்று. அதற்கு முந்திய ஆண்டு இக்களத்தைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் டேனியல் சிக்கிள்ஸ் என்பவர். இதே களத்தில் ஒரு காலை இழந்த தளபதி. அந்தக் கால் எலும்பு இராணுவ மருத்துவ அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. அவர் ஆண்டுதோறும் சென்று அதைப் பார்த்து வந்தாராம். களத்தில் அவருக்குத் தனிச்சிலை கிடையாது. எலும்பு மட்டும் இன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் பாராட்டுக்குரிய உழைப்பு. குறை எங்கே எனில், உழைப்பு முழுதும் 'எவ்வாறு' என்ற வினாவுக்கே செலவாயிற்று. எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு எத்திசையில் நடந்தது? எந்தப் பீரங்கி எங்கே நின்றது? 'ஏன்' என்ற வினா எழவேயில்லை. ரோசன்ஸ்டீல் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பல்லாயிரம் பொருள்கள் பின்னாளில் பூங்காவின் சேகரிப்புக்கு அடிப்படையாயின. அக்குடும்பத்தார் அமைத்த 'மின்விளக்கு வரைபடம்' பல பத்தாண்டுகள் புகழ்பெற்று விளங்கியது. இருட்டறையில் களத்தின் பெரிய மாதிரியொன்று. அதன்மேல் வண்ண விளக்குகள் மாறி மாறி எரிந்து இரு படைகளின் நகர்வைக் காட்டும். பள்ளிப் பிள்ளைகள் சுற்றிலும் அமர்ந்து மெய்ம்மறந்து பார்த்தனர். அந்த விளக்குகளுள் நாற்பது லட்சம் அடிமைகளுக்கென ஒன்றும் எரியவில்லை.

இதற்கு இலிங்கனையும் ஓரளவு பொறுப்பாக்க வேண்டியிருக்கிறது. 1863 நவம்பர் 19இல், படைவீரர் இடுகாட்டைத் திறந்துவைத்த விழாவில், எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் முழங்கியபின், இலிங்கன் சுமார் 270 சொற்களில் ஆற்றிய உரை உலக இலக்கியத்தில் இடம்பெற்றது. அவர் கைப்பட எழுதிய படிகளாக இன்று ஐந்து கிடைக்கின்றன. அவை தம்முள் ஒத்திருக்கவில்லை. பிற்காலப் படிகளில் வரும் இறைவனைக் குறித்த தொடர் முந்திய இரு படிகளில் இல்லை. பாடபேதம் நம் ஓலைச்சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு மாணவர்க்குச் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு இது. ஐந்து படிகளிலும் ஒத்திருப்பது ஒரு மௌனம். அடிமை முறை என்ற சொல் எதிலும் இல்லை. வடக்கு, தெற்கு என்ற சொற்களும், கெட்டிஸ்பர்க் என்ற ஊர்ப்பெயரும்கூட இல்லை. விடுதலைப் பிரகடனத்தை அவ்வாண்டின் முதல் நாளில் வெளியிட்டவர் அவர். கேட்டோர்க்குக் குறிப்பு விளங்கியிருக்கும். குறிப்புப் பொருளுக்கு உள்ள இடர் யாதெனில், குறிப்பை அறிந்த தலைமுறை மறைந்ததும் சொல் மட்டுமே மிஞ்சும். பின்வந்தோர் அம்மௌனத்தைத் தத்தம் விருப்பம்போல் நிரப்பிக்கொண்டனர்.

இடைச்செருகலும் இங்கே உண்டு. 'பேயின் குகை' எனப்படும் பாறைக் கூட்டத்தில் தென்மாநிலத்துக் குறிவீரன் ஒருவன் கற்களின் நடுவே இறந்து கிடப்பதாகக் காட்டும் நிழற்படம் உலகறிந்தது. அலெக்சாந்தர் கார்ட்னரின் குழுவினர் எடுத்தது. 1866இல் வெளியிட்ட தம் நூலில் கார்ட்னர் அவ்வீரனின் இறுதி நேரத்தை உருக்கமாக வருணித்தார். பல மாதம் கழித்துச் சென்றபோதும் எலும்பும் துருவேறிய துப்பாக்கியும் அங்கேயே கிடந்ததாகவும் எழுதினார். நெடுங்காலம் அதைப் பெரும்பாலோர் ஐயுறவில்லை. வில்லியம் பிராசனிட்டோ என்னும் ஆய்வாளர் பழைய படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாறைகளை நேரில் தேடி, அதே உடல் வேறோரிடத்தில் முன்பே படமெடுக்கப்பட்டதையும், பின்னர் இங்கே தூக்கிவந்து கிடத்தப்பட்டதையும் 1975இல் நிறுவினார். துப்பாக்கியும் குறிவீரர்க்குரிய வகையன்று. அந்த உடல் உண்மை. அந்தச் சாவு உண்மை. கதை மட்டும் கட்டியது. பிராசனிட்டோவின் நூல் வெளிவந்த பிறகும் அப்படத்தின் மதிப்புக் குறையவில்லை. எவ்வளவு மதிப்புக் கூடியது என்றே சொல்வேன். போரைக் காட்டும் சான்று என்னும் நிலையிலிருந்து, போர் எவ்வாறு காட்டப்பட்டது என்பதற்குச் சான்றாக அது உயர்ந்துவிட்டது. செருகலைச் செருகல் என்று குறித்தபின் அதனால் கேடில்லை.

பிரெஞ்சு ஓவியர் பால் பிலிப்பொட்டோ வரைந்த வட்டச் சுற்றோவியத்தைப் பற்றியும் ஒரு சொல். 377 அடி நீளமும் 42 அடி உயரமும் கொண்டது. 1884இல் பாஸ்டன் நகரில் காட்டப்பட்டு, பின் கெட்டிஸ்பர்க்குக்கு வந்தது. நடுவில் நின்று பார்ப்பவனைப் பிக்கெட்டின் பாய்ச்சல் சூழ்ந்துகொள்ளும். கண்ணுக்கு விருந்து, கருத்துக்கு அத்தனை இல்லை.

உறவு கொண்டாடிய காலத்துக்கு வருவோம். 1913இல், போரின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இருதரப்பு முதிய வீரர்கள் 50,000க்கு மேல் வந்து குழுமினர். ஒருகாலத்தில் சுட்டுக்கொண்ட அதே கற்சுவரின் மேலாகக் கைகுலுக்கிக்கொண்டனர். நாளேடுகள் அப்படங்களை வெளியிட்டு மகிழ்ந்தன. நெஞ்சை நெகிழ்விக்கும் காட்சிதான், மறுக்கவில்லை. அதே ஆண்டுகளில் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை இழந்து, ஒதுக்கல் சட்டங்களின்கீழ், கும்பற்கொலைக்கு அஞ்சி வாழ்ந்தனர். சுவரின் இருபுறமிருந்தும் நீண்ட கைகள் சேர்ந்தபோது, மூன்றாவதாக ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டியவர் என்பதை எவரும் நினைக்கவில்லை. 1917இல் வர்ஜீனியா மாநிலத்தின் சின்னம் எழுந்தது, குதிரைமேல் லீ. தென்மாநிலங்களின் பெருஞ்சின்னங்கள் பலவும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அவற்றுள் தென் கரோலைனாவின் கல்லை நான் மாணவர்க்குச் சிறப்பாகச் சுட்டுவேன். அதில் மாநில உரிமையே தம் வீரரின் சமயம் என்ற பொருள்படப் பொறித்துள்ளனர். வெறுமனே படிப்பவன் அதை 1863இன் குரலாகக் கொள்வான். கல் நாட்டப்பட்டதோ 1963 ஜூலையில். 'மாநில உரிமை' என்ற முழக்கம் அன்று கறுப்பின மாணவரைப் பள்ளிவாசலில் தடுத்து நிறுத்தப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் இதே ஊரில் துணையதிபர் லிண்டன் ஜான்சன், கறுப்பின மக்களை இனியும் பொறுத்திருக்கச் சொல்ல இயலாது என்ற கருத்தில் பேசினார். ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணி. இவற்றின் நடுவே எழுந்த கல் அது. காலம் அறியாமல் நூலைப் படித்தால் வரும் பிழை கல்லைப் படித்தாலும் வரும்.

இனி, இக்கட்டுரை எழுதக் காரணமான வீட்டுக்கு வருகிறேன். பிக்கெட்டின் பாய்ச்சலை எதிர்கொண்ட மேட்டின் வடபகுதியில், கற்சுவரை ஒட்டி, வெள்ளையடித்த சிறிய மரவீடு ஒன்றுண்டு. பக்கத்தில் ஒரு களஞ்சியம். நான் சென்றிருந்த பிற்பகலில் வழிகாட்டி அதைக் கைகாட்டி, 'இதன் இடப்புறமாகத்தான் வந்தார்கள்' என்றார். குழு முழுதும் இடப்புறம் நோக்கியது. வீடு திசைகாட்டியாகிவிட்டது.

அது ஆபிரகாம் பிரையன் என்பவரின் வீடு. பெயரைப் பிரையன், பிரையென் என ஆவணங்கள் பலவாறு எழுதுகின்றன. ஓர் எளிய மனிதனின் பெயருக்குத் திருத்தமான பாடம் காணக்கூட அக்காலம் அக்கறை கொள்ளவில்லை. அவர் கறுப்பினத்தவர், அடிமையல்லர், 12 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர். கோதுமையும் வாற்கோதுமையும் விளைத்தார்; சிறு பழத்தோட்டமும் இருந்தது. அடிமை முறை நிலவிய மேரிலாந்தின் எல்லை அங்கிருந்து சில மைல்தான். லீயின் படை 1863 ஜூனில் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, கைக்கு அகப்பட்ட கறுப்பின மக்களை, சுதந்தரமாகவே வாழ்ந்து வந்தோரையும் சேர்த்து, கட்டித் தெற்கே அடிமைகளாக அனுப்பியது. செய்தி பரவியதும் பிரையன் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். வெள்ளையர்க்கு அது படையெடுப்பு, அவருக்கு ஆள்வேட்டை. அந்தப் படை எதற்காகப் போரிட்டது என்ற 'ஏன்' என்ற வினாவுக்கு விடை அவர் ஓட்டத்திலேயே இருக்கிறது. அதைவிடச் சிறந்த அரும்பொருள் அக்களத்தில் வேறில்லை.

திரும்பி வந்தபோது வீடு குண்டுகளால் துளைபட்டு, வேலி சிதைந்து, பயிர் மிதிபட்டுக் கிடந்தது. அரசிடம் 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். வடமாநிலப் படை வீட்டைப் பயன்படுத்தியதற்கான வாடகையாம் அது. சில ஆண்டுகளுக்குள் நிலத்தை விட்டு ஊருக்குள் சென்று ஒரு விடுதியில் வேலை செய்தார்.

மற்றொருவர் பாசில் பிக்ஸ். அவரும் கறுப்பின உழவர். அவரும் ஓடித் திரும்பியவர். களமெங்கும் அரைகுறையாகப் புதைக்கப்பட்டிருந்த வடமாநில வீரரின் உடல்களைத் தோண்டியெடுத்து, இலிங்கன் உரையாற்றிய அந்த இடுகாட்டில் சேர்க்கும் பணியைக் கறுப்பினத் தொழிலாளரைக் கொண்டு செய்தவர் அவர். 3,500க்கு மேற்பட்ட உடல்கள்; அவற்றுள் 979 பெயரறியப்படாதவை. பின்னர் அவர் வாங்கிய நிலத்தில் ஒரு மரத்தோப்பு இருந்தது. அதை வெட்டத் தொடங்கியபோது பாச்செல்டர் வந்து, விட்டுவைத்தால் பின்னாளில் மதிப்புக் கூடும் என்று சொல்லித் தடுத்தார். 'உச்ச வெள்ளக்குறி' எனத் தென்மாநிலத்தார் பெருமூச்செறியும் மரங்கள் அவைதாம். இச்செய்தி எத்தனை பொருள் பொதிந்தது! பாச்செல்டரின் உரை நிலைத்தது. பிக்ஸின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பிலும் இல்லை.

மாறுதல் வந்தது உண்மை. போரின் காரணங்களில் அடிமை முறைக்குரிய இடத்தைப் போர்க்களங்களில் விளக்க வேண்டுமென 1990களின் இறுதியில் நாடாளுமன்றம் வலியுறுத்தியது. 2008இல் திறக்கப்பட்ட புதிய அரும்பொருளகம், இலிங்கன் உரையின் தொடர்களையே தன் கூடங்களுக்குத் தலைப்பாக்கி, அவ்வுரை சொல்லாமல் விட்டதைக் கூடங்களுக்குள்ளே சொல்கிறது. மௌனத்துக்கு எழுதிய நல்ல உரை என்றே இதை மதிக்கிறேன். மின்விளக்கு வரைபடம் ஓய்வு பெற்றது; அதற்காகக் கண்ணீர்விட்ட முதியோர் உண்டு.

ஆயினும் கூடத்துக்கு வெளியே, நிலத்தில், வேறொரு பதிப்புக் கொள்கை நடைபெறுகிறது. களத்தை 1863இல் இருந்தவாறே மீட்பது என்பது அதன் நோக்கம். பின்னாளில் வளர்ந்த மரங்கள் வெட்டப்பட்டன. அன்றிருந்த பழத்தோட்டங்கள் மீண்டும் நடப்பட்டன. 1974இல் எழுந்த 307 அடித் தனியார் கோபுரம் 2000 ஜூலை 3இல் தகர்க்கப்பட்டது. அதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் ரிச்சர்ட் நியூட்ரா என்னும் பெருங்கட்டடக் கலைஞர் சுற்றோவியத்துக்கென அமைத்து 1962இல் திறக்கப்பட்ட கட்டடமும் 2013இல் இடிக்கப்பட்டது. மூலபாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடைக்கால உரையையெல்லாம் களைவோம் என்பது கேட்க நன்று. 1,300 கற்களை என் செய்வர்? அவை ஒன்றும் 1863இல் இல்லையே! கற்கள் நிற்க, கட்டடம் மட்டும் விழுவது எந்தப் பதிப்பு நெறி? தமக்கு உகந்த உரையை மூலம் என்றும், உகவாததைச் செருகல் என்றும் கொள்ளும் பழக்கம் நம் பதிப்புலகுக்குப் புதிதன்று. ஆகவே இதைக் கடிந்து சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ரிச்மண்டு நகரில் லீயின் சிலை 2021இல் இறக்கப்பட்டது. கெட்டிஸ்பர்க்கிலும் அவ்வாறே செய்க என்போர் உண்டு. பொதுச் சதுக்கத்தில் நிற்கும் சிலை வணக்கம் கேட்கிறது. அரும்பொருளகத்தில் நிற்கும் கல் வாசிப்பைக் கேட்கிறது. ஆகவே தென் கரோலைனாவின் கல் அங்கேயே நிற்கட்டும் என்பேன். ஆனால் அதனருகில் நின்று படிப்பவனுக்கு 1963 என்ற ஆண்டும், அவ்வாண்டில் என்ன நடந்தது என்பதும் கண்ணில் படும் அளவில் எழுதப்பட வேண்டும். பிரையன் வீட்டைக் காட்டும் வழிகாட்டி முதலில் வீட்டுக்காரனைச் சொல்லிவிட்டுப் பின் இடப்புறம் கைகாட்ட வேண்டும்.

பிரையனும் பிக்ஸும் அடக்கமாகியிருப்பது ஊரின் மேற்கோரத்தில் உள்ள இலிங்கன் இடுகாட்டில். கறுப்பின மக்கள் தமக்கென அமைத்துக்கொண்டது. தேசிய இடுகாட்டில் இடம் கிடையாத கறுப்பினப் படைவீரர் முப்பதளவினரும் அங்கேயே உறங்குகின்றனர். போர்க்களத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு. எங்கள் குழுவினர் எவரும் அன்று போகவில்லை. நானும் மறுநாள் காலையில்தான் போனேன். அதுவும் விடுதியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி வழி சொன்ன பிறகு.